கதவை மெதுவாகச் சாத்து

குழந்தைகளுக்கான மனநல டாக்டர் என்றால் மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார் என்று பயந்துகொண்டுதான் போனேன். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? என் வாலுவுக்குப் பைத்தியம் என்று பெயர் விழுந்தால் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். வாலு என்றால் என் மகள்தான். ஒரு காலத்தில் அந்தப் பெயருக்குப் பொருத்தமாக இருந்தவள், இப்போது வாயே திறப்பதில்லை.

டாக்டரம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பொம்மைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல உங்ககிட்ட பேசறேன். அப்புறம் பாப்பாகிட்ட தனியா. கடைசில எல்லாரும் சேர்ந்து. இன்னிக்கு மருந்து எதுவும் இல்ல, பயப்படாதீங்க."

வாலுவை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கொட்டித் தீர்த்தேன். ஒருநாள் சாயங்காலம் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பதாகச் சொன்னாள். அதட்டினால் மிரண்டுவிடுவாளே என்று, "நின்னுட்டுப் போகட்டும்டி, கதவ மெதுவா திறந்து மெதுவா சாத்து, அடிபட்டுடும்" என்று சமாளித்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் கதவை முழுக்கத் திறப்பதில்லை. வீட்டுக்காரர்கூட முணுமுணுத்துக்கொண்டே வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைவார்.

"பாப்பா ஸ்கூல் போனப்புறம்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நான் துணி தைப்பேன். கதவு என் முதுகுக்குப் பின்னாடி. மெஷின நிறுத்தினா மூச்சு விடற சத்தம் கேக்கும். மத்தியானத்துல ரெண்டு வார்த்தை பேசுவேன். பாவம், நின்னுக்கிட்டே இருக்குதே."

டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு வாலு உள்ளே போனாள். நான் கண்ணாடி வழியே பார்த்தேன். பொம்மை வீட்டின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, சுவரோடு ஒட்டும்வரை அழுத்தினாள். சிரிக்கவும் செய்தாள். பின்னால் நிற்பது நசுங்கிவிடாதா? நான் உட்கார்ந்திருந்த அறையிலும் கதவுக்குப் பின்னால் அதே மூச்சு கேட்டது. எங்கள் கூடவே பஸ் ஏறி வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். "என்கிட்ட சொன்னத அம்மாகிட்ட நீயே சொல்றியாடா?" என்றார் டாக்டரம்மா.

வாலு என் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது அப்பாவோட மழைக்கோட்டும்மா. மறுநாளே பாத்துட்டேன். ஆனா நீ அதுகூட பேசிட்டிருந்தே. நான் பேசினா 'உஷ், அது தூங்குது'ங்கறே. அதான் பேசல."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. கோட்டு மூச்சு விடுமா?

"பாப்பாவ அடுத்த வாரமும் கூட்டிட்டு வாங்க. நீங்களும் பெரியவங்க டாக்டர் ஒருத்தர பாக்கணும், நான் சொல்லி அனுப்பறேன்" என்றார். தலையாட்டிவிட்டு எழுந்தேன்.

வாலு முன்னால் ஓடினாள். நான் வாசலைத் தாண்டி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாருக்கும்மா பிடிச்சிட்டு நிக்கறே?"

அவளே என் விரல்களைப் பிரித்துவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே யாரோ வலியில் முனகியது தெளிவாகக் கேட்டது.

"கேக்குதாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "கேக்குதுடி" என்றேன்.

"சரி, வா. டாக்டர்கிட்ட சொல்லலாம்."

என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்தக் கதவைச் சுவரில் இடிக்கும்வரை தள்ளித் திறந்தாள்.