மணிக்கூண்டும் கக்கூசும்

எங்கள் பசாருக்கு மணிக்கூண்டு கட்டப்போவதாக ஐம்பத்தாறாம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் எழுதி, பட்டின சபைக்காரர்கள் நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பலகை என் தையல் கடைக்கு எதிரேதான். முழுவதும் படித்தேன். மணிக்கூண்டு இருந்தது, லொறிகள் நிற்க இடம் இருந்தது, தலைவர் அறைக்குப் புதுக் கதிரைகள்கூட இருந்தன. பெண்களுக்கு ஒரு கக்கூஸ் மட்டும் இல்லை. ஆண்களுக்கு இறைச்சிக் கடைக்குப் பின்னால் எப்போதோ கட்டியாயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரணம் பூரணி. மேல்மலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள், அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. முந்தின ஞாயிறு, சந்தைக்கு வந்த இடத்தில், என் மெஷினுக்கு முன்னாலேயே மயங்கி விழுந்தாள். முகத்தில் தெளித்து எழுப்பினேன். குடிக்கக் கொடுத்த தண்ணீரைத் தள்ளிவிட்டாள்.

"வேணாங்க்கா. வீட்டுக்குப் போக இன்னும் நாலு மைல் இருக்கு. குடிச்சா எங்க போறது?"

தோட்டத்துப் பெண்கள் எல்லோருமே ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து வாயில் தண்ணீர் படாமல்தான் மலை இறங்குகிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. றொசல்லையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, இருபது வருஷமாக அதே தெருவில் தைத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணிருந்தும் குருடி.

நோட்டீசைப் படித்த கையோடு எங்கள் வட்டாரத்துச் சபை மெம்பர் சின்னராசாவிடம் போனேன். பசாரில் பெரிய அரிசிக் கடை அவருடையது. தோட்டத்துச் சனங்களால் நிமிர்ந்த கடை. அவர் சிரித்தார்.

"அதுங்களுக்கு வோட்டே இல்லையே, சிசிலி. தோட்டத்து ஆளுங்க பிரஜாவுரிமைய அரசாங்கம் பறிச்சப்பவே அதுவும் போயிருச்சு. நான் யாருக்குப் பதில் சொல்லணும்?"

"எனக்கு வோட்டு இருக்குங்க மொதலாளி."

"ஒன்னுதானே?"

நோட்டீசின் அடியில் ஒரு வரி இருந்தது: ஆட்சேபம் உள்ள பொதுமக்கள் இருபதாம் தேதி காலைக் கூட்டத்துக்கு நேரில் வந்து சொல்லலாம். வோட்டுள்ள பொதுமக்கள் என்று அதில் போடவில்லை. அடுத்த ஞாயிறு ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் அதை வாசித்துக் காட்டினேன். கொழுந்துக்காரிகளில் வாய்த்துடுக்குள்ளவள் வீரம்மா. அவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"ஒரு நாள் சம்பளம் போனாப் போகுதுக்கா. வர்றோம்."

இருபதாம் தேதி ஒரு கல்யாண ரவிக்கையை முடித்துக் கொடுத்துவிட்டு, அரை மணி பிந்தித்தான் ஓடினேன். சபை முற்றத்தில் நாற்பது பெண்கள் தீபாவளிச் சேலைகளில், தூறலில் நனைந்தபடி, நாலு வரிசையாக நின்றார்கள். உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

"ஏன்டி இங்க நிக்கிறீங்க?"

"இன்னும் பேர் கூப்பிடலையேக்கா" என்றாள் வீரம்மா.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தோட்டத்தில் காலைப் பெரட்டு அப்படித்தான். வரிசையில் நிற்க வேண்டும், கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட வேண்டும், அதற்குப் பிறகுதான் காலை எடுத்து வைக்கலாம். சிறுவயதிலிருந்தே அப்படிப் பழகியவர்கள். இதை முன்கூட்டியே சொல்லித் தராத என்னைத்தான் அடிக்க வேண்டும். பொதுமக்கள் ஒருவரும் வரவில்லை, ஆட்சேபம் இல்லை, நிறைவேற்றிவிடலாம் என்று சின்னராசா சிங்களத்தில் சொல்வது கதவு வழியே கேட்டது.

கதவை அகலத் திறந்து வாசலில் நின்றேன். கணக்கப்பிள்ளைக்கு இருக்கும் தொண்டை எனக்கு இல்லையா? அத்தனை பேருக்கும் ரவிக்கை தைத்தவள் நான், ஒரு பெயர்கூட மறக்காது.

"வீரம்மா!"

"இருக்கேங்க!"

"ராக்காயி!"

"இருக்கேங்க!"

நாற்பது தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒருத்தி படியேறி உள்ளே வந்து சுவரோரம் நின்றாள். முதலில் வந்த குரல்கள் நடுங்கின. கடைசியில் வந்தவை கூரையைத் தூக்கின. தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பூரணியைக் கடைசியாகக் கூப்பிட்டேன். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்று, ஞாயிற்றுக்கிழமைத் தாகத்தைச் சொன்னாள். தலைவருக்கு நான் சிங்களத்தில் எடுத்துச் சொன்னேன். சின்னராசா எழுந்தார்.

"வோட்டு இல்லாதவங்க இங்க பேச முடியாதும்மா."

பூரணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "வோட்டு இல்லைன்னா ஒண்ணுக்கு வராதுங்களா மொதலாளி?"

சபை சிரித்தது. நான் சிங்களத்தில் சொன்னதும் தலைவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, மணிக்கூண்டை அடுத்த வருஷம் பார்க்கலாம், இந்த வருஷம் கக்கூஸ், சம்மதமா என்று மெம்பர்களைக் கேட்டார். ஏழு பேரில் நாலு கை எழுந்தது. நாலாவது கை சின்னராசாவுடையது. அவர் கடையில் அரிசி வாங்கும் நாற்பது பேர் எதிரே நின்று முகத்தையே பார்க்கும்போது பாவம், மனுஷன் என்ன செய்வார்!

ஆட்சேபம் சொன்னவர்கள் யார் என்று பதிய, கிளாக்கர் தாளை எடுத்தார்.

"உங்க பேர் மட்டும் போதும், சிசிலியம்மா. வோட்டர் லிஸ்ட்ல இருக்கிறது நீங்கதான்."

"நாப்பத்தொரு பேரையும் எழுதுங்க. இல்லாட்டி என் பேரும் வேணாம்."

அவர் தலைவரைப் பார்த்தார். எழுது என்றார் தலைவர்.

இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை. பெண்கள் தாமாகவே மேசைக்குப் போய், தகப்பன் பெயரோடு தம் பெயரைச் சொன்னார்கள். எழுத்து தெரியாத ராக்காயி, தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கிளாக்கரை விரல் வைத்துக் காட்டச் சொன்னாள். அவர் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாண வீட்டிலும் கோயிலிலும் எத்தனையோ தடவை முன்வரிசையில் நின்றிருக்கிறேன். அன்றைக்கு நாற்பது பேருக்கும் பின்னால், நாற்பத்தொன்றாவது ஆளாக நின்றதற்கு அதெல்லாம் ஈடில்லை.