பதிவாளரின் மை

பதிவாளர் அம்மாள் பேனாவின் மூடியை மூன்றாம் முறையாகக் கழற்றிக் கொடுத்தாள். லயனல் அதை வாங்கி டெரன்ஸின் விரல்களுக்கு நடுவே வைத்தார். பேனா நிற்கவில்லை. காயக் காயக் கறுத்து அழியாமல் நிற்கும் பதிவேட்டு மையை லயனலின் கட்டைவிரலில் நீலமாகத் தீற்றிவிட்டுப் போர்வைமேல் உருண்டது.

“டெரி, கண்ணத் தொறப்பா. ஒரே ஒரு கையெழுத்து.”

காலையில் டெரன்ஸ் நன்றாகத்தான் இருந்தார். ஓட்ஸ் கஞ்சியில் உப்பில்லை என்று குறைகூடச் சொன்னார். தெளிவாக இருக்கிறார் என்று டாக்டர் எழுதிக்கொடுத்து, அவசர அனுமதி வாங்கி, பதிவாளர் மூடுபனியில் இங்கிலாந்தின் கடலோர ஊரான விட்பியின் ஆஸ்பத்திரி வரை வண்டியோட்டி வருவதற்குள் மணி மூன்று. உறுதிமொழி எதுவும் வேண்டாம். இருவரும் சாட்சிகள் முன் கையெழுத்திட்டால் போதும், அந்த நொடியிலிருந்து சட்டப்படி துணைவர்கள். இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஒன்றுதான் பாக்கி.

கட்டிலின் கால்மாட்டில் சாட்சியாக நர்ஸும் டெரன்ஸின் தங்கை பெரிலும் நின்றிருந்தார்கள்.

பதிவு இத்தனை தள்ளிப்போனது ஓர் ஒப்பந்தத்தால். அது பெரில் கேட்டதுதான். வீடு அவர்கள் அம்மாவுடையது, டெரன்ஸ் பெயரில் இருந்தது. பதிவு செய்துகொள்ளுங்கள், சந்தோஷம், அதற்கு முன் வீட்டைப் பற்றி எழுதிவையுங்கள் என்றாள். நியாயமாகவே எழுதினார்கள். லயனல் இருக்கும்வரை வீடு அவருக்கு, பிறகு பெரிலின் மகளுக்கு. அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கியதாக நாளை யாரும் சொல்லக்கூடாது, பதிவுக்கு முன் ஒரு மாதம் போகட்டும் என்றார் வக்கீல். பதிவானதும் பழைய உயில் செல்லாது, புதிதாக எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

டெரன்ஸ் நாற்பது வருஷம் தபால் நிலையக் கவுண்டரில் இருந்தவர். செல்லாத காகிதம் வீட்டில் கிடக்கப் பொறுக்காது. எல்லாவற்றையும் லயனலுக்கு எழுதியிருந்த அந்த உயிலை அன்று சாயங்காலமே நான்காகக் கிழித்துக் கணப்பில் போட்டார். பக்கத்தில் தேநீரோடு நின்ற லயனல், இந்த ஆள் திருந்தவே மாட்டான் என்று சிரித்தார். பதினோராம் நாள் நெஞ்சு வலி. அன்றைய சிரிப்பை நினைத்தால் இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

லயனல் டெரன்ஸின் கையைப் பேனாவோடு சேர்த்துப் பற்றினார். “நான் புடிச்சுக்கறேன். அவனுக்குச் சம்மதம்தான். காலையில டாக்டர்கிட்டயே சொன்னான்.”

“அப்ப அது உங்க கையெழுத்தாயிரும், சார்,” என்றாள் பதிவாளர். “அவரே முழிச்சு, புரிஞ்சு போடணும். நான் காத்திருக்கேன்.”

சொன்னபடியே கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். கெட்டவள் இல்லை. வக்கீலும் கெட்டவரில்லை, பெரிலும் இல்லை. திட்டுவதற்காவது ஓர் ஆள் இருந்திருக்கலாம் என்று லயனலுக்குத் தோன்றியது.

திடீரென்று பெரில் கிட்டே வந்து அண்ணனின் தோளை உலுக்கினாள். “போட்டுருண்ணா. நான் கேட்டதெல்லாம் வேணாம். போட்டுரு.”

நாலரை மணிக்கு மூச்சு நின்றது. பதிவாளர் பேனாவை மூடினாள். லயனல், நாங்கள் எழுதிய ஒப்பந்தம் இருக்கிறதே என்று கேட்டார். பதிவானால்தான் அது நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே இருக்கும், வக்கீலைக் கேட்டுப்பாருங்கள் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். உயிலும் கணப்பில் எரிந்துவிட்டது, இனி வீடு தங்கைக்குத்தான்.

நர்ஸ் ஒரு பையைக் கொண்டுவந்தாள். கண்ணாடி, செருப்பு, வீட்டுச் சாவி. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும் என்று தாளை லயனலிடம் நீட்டினாள். பெயரை எழுதினார். அடுத்த கட்டத்தில் ‘உறவு’ என்றிருந்தது. இத்தனை வருஷமும் அந்தக் கட்டத்தில் நண்பர் என்றுதான் எழுதிவந்தார். இன்று அதை எழுதக் கை வரவில்லை. வேறொன்றை எழுத வழியுமில்லை. தாளைப் பெரிலிடம் கொடுத்துவிட்டார். லயனலின் பெயரை அடித்துவிட்டு அவள் தன் பெயரை எழுதி, அடுத்த கட்டத்தில் தங்கை என்று போட்டாள். பையும் அவள் கைக்குப் போனது.

அதிலிருந்து சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“வீட்டுக்குப் போங்க, லயனல். இப்போதைக்கு நீங்களே வச்சிருங்க.”

அன்பாகத்தான் சொன்னாள். லயனல் நன்றி என்றார். பாக்கெட்டில் தன் சாவி இருப்பதைச் சொல்லவில்லை.

கைகழுவும் தொட்டியில் கட்டைவிரலைத் தேய்த்தார். நீலமாக இருந்த மை கறுத்துவிட்டிருந்தது. மறுபடி சோப்புப் போட்டார். வெள்ளை நுரைதான் வழிந்தது.