குழாயில் ஓடும் இசைத்தட்டு

அந்த நகரத்தில் குளித்த தண்ணீர் ஆர்கன் வாசித்துக்கொண்டேதான் சாக்கடைக்குப் போகிறது. பாத்திரம் கழுவினால் முனகும். வாளியோடு கவிழ்த்தால் சுவர் அதிர முழங்கும். ஆரம்பத்தில் நகராட்சிக்குப் புகார் மேல் புகார் வந்தது. பிறகு கொசுத் தொல்லையைப் போல இதுவும் பழகிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஊர் ஆர்கன்காரர் ஒருவர் தன் இரண்டு சிநேகிதர்களோடு ஒரு ராக் இசைத்தட்டு போட்டார். எல்லாரும் கிட்டாரை முன்னால் நிறுத்திய காலத்தில் இவர் ஆர்கனை நிறுத்தினார். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, பாடும் குரலே கிடையாது. ஒரு விமர்சகர், "குழந்தையைத் தூங்க வைக்கவும் ஆகாது, எழுப்பவும் ஆகாது" என்று எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். கடைகளிலிருந்து திரும்பி வந்த தட்டுகளைக் கம்பெனி மூட்டை மூட்டையாகக் குழாய் ஆலைக்கு அனுப்பியது. தட்டும் குழாயும் ஒரே பிளாஸ்டிக்தான் என்று ஆலை அவற்றை உருக்கிக் குழாயாக வார்த்தது. நகராட்சி அந்தக் குழாய்களை வீட்டுக்கு வீடு பதித்தது.

சிநேகிதர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். ஆர்கனை விற்றுவிட்டு அவர் நகராட்சியின் கழிவுநீர்ப் பிரிவில் சேர்ந்தார். சத்தம் வருகிறது என்ற முதல் புகாரைப் பார்க்க அவரைத்தான் அனுப்பினார்கள். ஒரு குளியலறையில் மண்டியிட்டுக் குழாயில் காதை வைத்தவருக்குத் தன் இடது கை வாசித்தது அடையாளம் தெரிந்தது. எழுந்து, "காத்து அடைச்சிருக்கு, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவர் மனைவிக்கும் தெரியும். ஒலிப்பதிவு நடந்த நாளெல்லாம் ஸ்டூடியோ வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு சுரத்தையும் மனப்பாடம் செய்தவள் அவள். பக்கத்து வீட்டுக்காரி பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

"ஏங்க, இது என்னோடதுன்னு ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"சாக்கடையைக் காட்டி என்னோடதுன்னு சொல்லச் சொல்றியா?"

இந்தப் பேச்சிலேயே அவர்களுக்குத் தலை நரைத்தது. அதற்குப் பிறகுதான் வானொலியில் வேலை பார்த்த ஒரு பெண், நடைபாதைக் கடையில் உருகாமல் தப்பிய ஒரு தட்டைக் கண்டெடுத்து, விசாரித்து அவர் வீட்டுக்கு வந்து பேட்டிக்கு அழைத்தாள். மனைவி தன் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு நிலையத்துக்குக் கூடவே போனாள். இரண்டாம் பக்கம் ஊர் முழுக்க ஒலித்தது. முடிந்ததும் ஒரு பெண் நேயர் தொலைபேசியில் வந்தார்.

"இது எங்க வீட்டு பாத்ரூம் சத்தமாச்சே! ஊர்க் குழாயைக் கேட்டு அப்படியே காப்பியடிச்சிட்டு, இதுக்கு ஒரு பேட்டி வேற!"

வானொலிப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மனைவி கணவரின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். சொல்லுங்க என்று அந்தப் பிடி கெஞ்சியது. அவர் ஒலிவாங்கிப் பக்கம் குனிந்தார்.

"ஆமாம்மா, உங்க குழாயிலேர்ந்துதான் எடுத்தேன்."

மனைவி கையை எடுத்துக்கொண்டாள். பேருந்தில் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். "ஊர் உங்களை மிதிச்சதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். நீங்களே மிதிச்சிட்டீங்களே" என்று வீட்டு வாசலில் சொன்னாள். அதுதான் அவள் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு. இரும்புக் குழாய்கள் உள்ள வேறொரு ஊரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே தண்ணீர் வாயே திறக்காமல் இறங்கியது. அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது.

அவர் இன்னும் அதே வீட்டில் தனியாக இருக்கிறார். நகரத்தில் யாரும் இப்போது சத்தம் வருகிறதென்று புகார் கொடுப்பதில்லை. சத்தம் வராவிட்டால்தான், எங்கோ அடைப்பு என்று குழாய்க்காரனுக்கு ஆள் அனுப்புகிறார்கள்.