நான்காம் பாலத்தின் தகடு

அந்த வீட்டின் தலைவர் பாலப் பரிசோதகர். ஆகவே அக்குடும்பத்துக்கு ஒரு நியமம் வாய்த்திருந்தது. எந்தப் பாலத்தின் முன்னும் வண்டி நிற்கும். மகள் இறங்கி ஓடி, தூணில் பதித்த தகட்டைப் படிப்பாள். அதில் அப்பாவின் கையெழுத்து இருந்தால்தான் அம்மா அக்கரை போகச் சம்மதிப்பாள். நீரின்மேல் நிற்கவே நெஞ்சு நடுங்கும் அவளுக்குக் கணவரின் கையெழுத்தே காப்பு.

அன்று சாலையோரத்து விந்தைகளைக் காணப் புறப்பட்டிருந்தார்கள். கெண்டி வடிவில் எழுப்பிய வீடு, இருதலைக் கன்றைப் பாடம் செய்து வைத்த கூடம், முள் பின்னோக்கி ஓடும் மணிக்கூண்டு, இறுதியாக நூற்றைம்பது ஆண்டு கண்ட இரும்புத் தொங்குபாலம். பட்டியல் மகளுடையது. வண்டி ஓட்டியவன் அம்மாவின் தம்பி.

அவர்கள் எவரும் அறியாததைப் பரிசோதகர் ஒருவர் அறிந்திருந்தார். அச்சாலையின் நான்கு பாலங்களையும் சென்ற ஆண்டு அவர் நேரில் பார்க்கவில்லை. மகள் கை முறிந்து கிடந்த வாரத்தில், அவள் கட்டிலருகே அமர்ந்து, பழைய அறிக்கையைப் பார்த்து எழுதி ஒப்பமிட்டிருந்தார். போக வேண்டாம் என்று சொல்ல முயன்றால் ஏன் என்ற கேள்வி வரும். முதல் மூன்றும் அண்மையில் கட்டிய கான்கிரீட் பாலங்கள், தாங்கும் என்று தேற்றிக்கொண்டார். நான்காவதான தொங்குபாலத்தை எப்படியேனும் தவிர்க்கலாம் என்பது அவர் எண்ணம்.

முதற்பாலத்தில் ஆறு தெளிந்திருந்தது. இரண்டாவதில் கலங்கியிருந்தது. மூன்றாவதில் செந்நீர் வேரோடு மரங்களைச் சுமந்து வந்தது. மேற்கே மலைமேல் மழை கறுத்து நின்றது. ஒவ்வொரு பாலத்திலும் அவர் உதடுகள் வேண்டுதலாய் அசைந்தன. மகள் தகடுகளிலிருந்த பரிசோதனைத் தேதிகளைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் முறை வண்டியை நிறுத்தியபோது தம்பி சிரித்தான். "அத்தான், பேசாம உங்க கையெழுத்தை அக்கா கையில பச்சை குத்தி விட்டுடுங்க. நமக்கும் பெட்ரோல் மிச்சம்."

அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

இருதலைக் கன்றின் நான்கு கண்ணாடி விழிகளும் அவரையே நோக்குவனபோல் இருந்தன. மணிக்கூண்டின் அடியில் நின்று, நேரமாகிவிட்டது, திரும்பலாம் என்றார். பின்னால் போகும் கடிகாரத்தைப் பார்த்தா நேரம் சொல்கிறீர்கள் என்று தம்பி கேட்க, மனைவியும் சிரித்தாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

தொங்குபாலத்தின் மேல் சுற்றுலாப் பேருந்தில் வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா கையெழுத்து இருக்கும்மா," என்றாள் மகள்.

அம்மா தம்பியின் முழங்கையைப் பற்றிக்கொண்டு பலகைமேல் கால் வைத்தாள். பரிசோதகர் கீழே குனிந்து ஒரு கல்லெடுத்து, வடத்தைக் கவ்விய இரும்பின் ரிவெட் ஆணிகளைத் தட்டினார். உறுதியான ரிவெட் மணிபோல் ஒலிக்கும். முதலாவது ஒலித்தது. அடுத்த மூன்றும் ஈரமண்ணைத் தட்டியதுபோல் ஊமையாயின. நான்காவதன் தலை துருவாக உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

மகள் இன்னும் தகட்டருகே நின்றாள். "அப்பா, இந்தத் தேதி எனக்கு மாவுக்கட்டு போட்ட மறுநாள். அன்னைக்கு நீங்க எங்கயும் போகலயே."

அவர் பாலத்தை நோக்கிக் குரலெடுத்தார். அக்குரல் அவருக்கே அந்நியமாய் இருந்தது.

"எல்லாரும் திரும்பி வாங்க. ஓடாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க. இந்தப் பாலத்தை நான் பார்க்கவே இல்ல. பார்க்காமதான் கையெழுத்துப் போட்டேன்."

நடுப்பாலத்தில் மனைவி நின்றாள். காலடியில் பொங்கிய வெள்ளத்தை அவள் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராய்க் கடந்து வர, தம்பியையும் முன்னே அனுப்பிவிட்டு, கடைசியாக, கம்பியைத் தடவித் தடவித் தனியே வந்தாள். நீட்டிய அவர் கையைத் தொடாமல் கரையேறினாள். அவள் விட்ட பலகை வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.

பேருந்தின் ஓட்டுநரிடம் ஒரு கயிறு வாங்கி, பாலத்தின் வாயை அவரே கட்டினார். அலுவலகத்துக்குத் தொலைபேசியில் உள்ளதை உள்ளபடி சொன்னார். அதற்குள் மழை இறங்கிவிட்டது.

வண்டிக்குள் மகள் குறிப்பேட்டைப் புரட்டினாள்.

"காலையில தாண்டின மூணு பாலத்துலயும் இதே வாரம்தான் போட்டிருக்கு."

மனைவி முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள். "அதுல எதைப் போய்ப் பார்த்தீங்க?"

"ஒண்ணையும் பார்க்கல."

தம்பி திருகப் போன சாவியை உருவி மடிமேல் வைத்துக்கொண்டான். வீடு அந்த மூன்று பாலங்களுக்கு அப்பால் இருந்தது. கண்ணாடியில் வழிந்த நீரின் ஊடே கயிறு கட்டிய பாலம் தெரிந்தது. அதன் அடியில், பலகையைத் தொட இன்னும் ஒரு முழமே இருக்க, வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது.