சாவிக்காரர் வீட்டு ஸ்டில்டன்

தோஹா தொழிற்பேட்டையில் உள்ள ஒரு குளிர்பதனக் கிடங்கின் மூன்றாம் அறையில், 2021 நவம்பர் மாதம் முதல், அன்பரசன் மிதித்த இடமெல்லாம் புல் முளைத்தது. அறையின் குளிர் நான்கு டிகிரி. தரை வழவழப்பான கான்கிரீட். சூரிய வெளிச்சம் எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவனுடைய ரப்பர் பூட்ஸ் பதிந்த தடம் ஒவ்வொன்றிலும் காலையில் பச்சை தட்டி, மதியத்துக்குள் கணுக்கால் உயரம் வந்துவிடும். கம்பெனி இதைப் பெரிதுபடுத்தவில்லை. வியாழக்கிழமைதோறும் புல்லை அறுத்துச் சாக்கில் கட்டி வெளியே வைக்கவேண்டும் என்று மானேஜர் செய்கு அலாவுதீன் டியூட்டி ஷீட்டில் ஒரு வரி சேர்த்தார், அத்தோடு சரி.

அந்த வாரம்தான் ஹோட்டல்களுக்காக இங்கிலாந்திலிருந்து ஸ்டில்டன் என்ற சீஸ் வந்து இறங்கியிருந்தது. சிறிய குடம் அளவு உருளை, மழையில் ஊறிய மண்சுவர் போன்ற தோல், வெட்டினால் உள்ளே நீல நரம்புகள். ஈரம் ஒரு பக்கமாக இறங்கிவிடாமல் சில நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் புரட்டி வைக்கவேண்டும். அந்த வேலை அன்பரசனுக்கு வந்தது. அவன் முதல் உருளையைக் கன்றுக்குட்டியைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, "திரும்புடா கண்ணு" என்றான். மறுநாள் புல் முளைத்தது. அவன் உள்ளே நிற்கும்போது பின்கழுத்தில் மாட்டு மூச்சு ஆவியாகப் படிவதைக் கூட வேலை செய்யும் நேபாளிகள் இருவர் பார்த்துவிட்டு, பார்த்ததைச் சொல்லிவிட்டு, வேலையைத் தொடர்ந்தார்கள்.

அந்தப் புல்லைப் பார்த்து வயிறு எரிந்தவர் ஒருவர்தான். அவர் அன்பரசனின் மனைவி நாகவள்ளிக்கு அண்ணன், கிடங்கின் ஸ்டோர் சூப்பர்வைசர் நாகலிங்கம். சாத்தூர்ப் பக்கம் அவர்கள் குடும்பத்துக்குச் சாவிக்காரர் வீடு என்று பெயர். தாத்தா அரிசி ஆலைக் கிட்டங்கிச் சாவி வைத்திருந்தார். அப்பா தூத்துக்குடி துறைமுகக் கிட்டங்கிச் சாவி வைத்திருந்தார். நாகலிங்கம் இருபத்தாறு வருடமாக இந்தக் கிடங்கின் சாவியை இடுப்பில் கட்டியிருக்கிறார், குளிக்கும்போதும் அவிழ்ப்பதில்லை. அந்த வீட்டில் எவரும் தன் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்ததாக வரலாறு கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண், எருமை மாடு வைத்துப் பால் ஊற்றும் வீட்டுப் பிள்ளையைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை பால் கேனோடு தெருவில் போவது குடும்பத்துக்கு அழகில்லை என்று நாகலிங்கமே விசா எடுத்து அவனை இங்கே வரவழைத்தார். வந்தவன் காலில் புல் முளைத்தது.

நாகவள்ளி போன் செய்தாள்.

"ஏண்ணே, அவரு மிதிச்சா புல்லு மொளைக்குதாமே? நீ இருபத்தாறு வருசமா அங்கதான நடக்குற. ஒங் காலுக்கு ஒரு அருகம்புல்லு கூடவா மொளைக்கல?"

"தரை ஈரமா இருக்கு. அதான்."

"ஈரம் ஒனக்கும் சேத்துத்தான இருக்கு?"

நாகலிங்கம் போனை வைத்தார். அதன் பிறகு நான்கு மாதம் அவர் கண்ணுக்குப் புல்லைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆளில்லாதபோது அன்பரசனின் பூட்ஸை மாட்டிக்கொண்டு மூன்றாம் அறைக்குள் பதினோரு சுற்று நடந்தார். மறுநாள் தரை துடைத்து வைத்தது போல இருந்தது. குதிகால் இரண்டிலும் கொப்புளம்.

"மச்சான், பூட்ஸ் வேணும்னா கேளுங்க, புதுசா வாங்கித் தாரேன். அது ஒங்களுக்கு ஒரு சைஸ் சின்னது" என்றான் அன்பரசன். கேலி செய்யவில்லை. அதுதான் நாகலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. புல் சுத்தக்கேடு, அதற்குக் காரணமான ஆளை மீன் அறைக்கு மாற்றவேண்டும் என்று அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டு மானேஜரிடம் நீட்டினார்.

"நாகலிங்கண்ணே, புல்லு நாலு மாசமா இருக்கு. இப்பத்தான் ஒங்க கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுச் செய்கு அலாவுதீன் அனுமதித்தார்.

மீன் அறையில் எதுவும் முளைக்கவில்லை. மூன்றாம் அறையில் புல் இரண்டே நாளில் காய்ந்து பொடியானது. சீஸ்களை நாகலிங்கமே புரட்டினார். நேரம் தவறாமல், ஒன்றுகூட விடாமல் புரட்டினார். ஒன்பதாம் நாள் ஒரு ஹோட்டலிலிருந்து ஒரு உருளை திரும்பி வந்தது. உள்ளே சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. நீலத்தின் சுவடே இல்லை. இன்னும் மூன்றை வெட்டிப் பார்த்தார்கள். மூன்றும் அப்படித்தான்.

"பத்து நாள் தாரேன். நீலம் திரும்பி வரணும். இல்லேன்னா சாவியக் குடுத்துட்டு ஆபீஸ்ல உக்காந்துக்கங்க" என்றார் மானேஜர்.

அன்று நாகலிங்கம் சாப்பிடவில்லை. சீஸைச் செய்தவர்கள் மேல் பழிபோட ஏதாவது கிடைக்குமா என்று சீஸ் வந்த பெட்டிக்குள் இருந்த சிறு புத்தகத்தை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். ஸ்டில்டன் என்பது ஓர் ஊரின் பெயர் என்று அதில் போட்டிருந்தது. முந்நூறு வருடத்துக்கு முன், லண்டனிலிருந்து வடக்கே போகும் குதிரை வண்டிகள் அந்த ஊரில் நின்று குதிரை மாற்றும். இறங்கிய பயணிகளுக்குச் சத்திரத்தில் இந்தச் சீஸைக் கொடுத்தார்கள். தின்றவர்கள் ஊர் ஊராக அந்தப் பெயரைக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு லெஸ்டர்ஷைர், நாட்டிங்ஹாம்ஷைர், டெர்பிஷைர் ஆகிய மூன்று மாவட்டங்களில் செய்தால்தான் அதை ஸ்டில்டன் என்று விற்கலாம். ஸ்டில்டன் ஊர் அந்த எல்லைக்குள் இல்லை. தன் பெயரில் உள்ள சீஸை அந்த ஊர் செய்து விற்கச் சட்டம் இடம் கொடுக்காது. எங்கள் ஊரிலும் செய்திருக்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் மனுப்போட்டார்கள், தள்ளுபடியானது.

நாகலிங்கம் அதை மூன்று முறை படித்தார். அந்த ஊரின் வயிற்றெரிச்சல் அவருக்குச் சொல்லாமலே புரிந்தது. பால் இன்னொருவன் வீட்டுப் பால், புல் இன்னொருவன் காட்டுப் புல். வாசலில் நின்று எடுத்துக் கொடுத்தது மட்டும்தான் அந்த ஊர் செய்த வேலை. ஆனால் பெயர் அந்த ஊர்ப் பெயர். மூன்று மாவட்டமும் சேர்ந்து வந்தாலும் அந்தப் பெயரை மாற்ற முடியவில்லை. அவர் புத்தகத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீன் அறைக்குப் போனார்.

"மாப்ளே, நாளையிலேருந்து மூணாம் ரூமுக்கு வாங்க."

"ஏன் மச்சான், புல்லு சுத்தமில்லன்னு யாரோ எழுதிக் குடுத்திருக்காங்களாமே?"

"எழுதினது நாந்தான்."

சாவிக்காரர் வீட்டில் இப்படி ஒரு வாக்கியத்தை அதற்குமுன் எவரும் சொன்னதில்லை. அன்பரசன் கையிலிருந்த மீன் பெட்டியை இறக்கி வைத்தான்.

"வாரேன். ஆனா கதவ நீங்கதான் தொறக்கணும். ஒங்க சாவிச் சத்தம் கேட்டாத்தான் அதுக தலையத் தூக்கிப் பாக்குது."

"எதுக?"

"மாடுக."

மறுநாள் காலை நாகலிங்கம் பூட்டைத் திறந்தார். உள்ளே பல கழுத்துகள் ஒன்றாகத் திரும்பும் அரவம் அவர் காதிலும் விழுந்தது. அன்பரசன் பின்னால் நுழைந்தான்; புல் முளைத்தது. எட்டாம் நாள் வெட்டிய உருளையில் நீலம் மூலைமுடுக்கெல்லாம் ஓடியிருந்தது. மானேஜர் பார்த்துவிட்டுச் சாவியைப் பற்றிய பேச்சை விட்டார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நான்கு குதிரை பூட்டிய வண்டி ஒன்று கிடங்கின் சரக்கேற்றும் மேடைக்கு வந்து நின்றது. சக்கரத்தில் கத்தாரில் எங்கும் கிடைக்காத கறுப்புச் சேறு. உயரமான தொப்பி வைத்த வண்டிக்காரன் இறங்கி வந்தான். அன்பரசனைத் தாண்டி நடந்தான், மானேஜரைத் தாண்டி நடந்தான், நாகலிங்கத்தின் இடுப்புச் சாவியைக் காட்டித் தலைகுனிந்தான். நாகலிங்கம் அறையைத் திறந்து ஓர் உருளையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். கேட்டில் செக்யூரிட்டி பாஸ்கர் வண்டி நம்பர் எழுதும் கட்டத்தில், இல்லை என்பதற்கு அங்கே சொல்லும் அரபு வார்த்தையில், மாஃபி என்று எழுதினான். லாரி வரும் நேரத்தில் குதிரைகள் மேடையை மறிக்கக்கூடாது என்று செய்கு அலாவுதீன் டியூட்டி ஷீட்டில் இன்னொரு வரி சேர்த்தார். அன்றுமுதல் செவ்வாய்தோறும் வண்டி வருகிறது; சாணத்தை முறைபோட்டு அள்ளுகிறார்கள்.

ஒரு செவ்வாயன்று நாகவள்ளி போன் செய்தாள்.

"ஏண்ணே, ஒன்னையத் தேடிக் குதிரை வண்டி வருதாமே?"

"வருது. நாலு குதிரை. என்னையத்தான் கேட்டு வருது."

"யாத்தீ! அதுக அங்க என்னத்தத் திங்குது?"

நாகலிங்கம் மேடையைப் பார்த்தார். நான்கு குதிரைகளும் வியாழக்கிழமை கட்டி வைத்த சாக்குக்குள் தலையை விட்டு மென்றுகொண்டிருந்தன. அன்பரசன் ஒரு குதிரையின் பிடரியைத் தடவியபடி நின்றான்.

"புல்லு" என்றார்.

யார் காலில் முளைத்த புல் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் லைன் சரியில்லை என்று சொல்லியிருப்பார்.