பாடையில் சிரிக்காதவன்

ஸ்பிரிங் சீனு லாரியில் அடிபட்டுச் செத்த காட்சி டிவி சீரியலில் வந்த மறுநாள், காலை பத்தேகாலுக்கு, அவனே மயிலாப்பூரில் ரூபீனாவின் ஃப்ளாட் வாசலில் வந்து நின்று காலிங்பெல்லை ஒன்பது முறை அடித்தான். மஞ்சள் கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் விசில். கதவு திறந்ததும் செருப்போடு சோபாவில் ஏறி மூன்று குதி குதித்து, "அண்ணி! இன்னா டிபன்?" என்றான். அந்த வேஷத்தை ஆறு வருஷம் போட்ட அவள் புருஷன் நதீம் அப்போது உள்ளறையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். எதிர் ஃப்ளாட் ஸ்வர்ணலதா இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்த்ததாகச் சொல்கிறாள். எதையும் ஒன்றுக்கு ஒன்றரையாகச் சொல்கிறவள்தான். ஆனால் இதில் அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நதீம் பிறவியிலேயே சத்தமில்லாத ஆள். தெருவில் போனால் போனது தெரியாது. சிரிப்பு வந்தால்கூட தோள் மட்டும் குலுங்கும், வாயிலிருந்து காற்றுகூட வராது. அந்தக் குலுக்கலுக்காகத்தான் ரூபீனா, துபாய் மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இவனைக் கட்டிக்கொண்டாள். தலையெழுத்தைப் பாருங்கள், ஏழரை மணி சீரியலில் அவனுக்குக் கிடைத்தது கதாநாயகியின் கொழுந்தன் வேஷம். வாசலில் நடந்து வராமல் ஜன்னல் வழியாகக் குதித்து வர வேண்டும். வீட்டில் கடன், கோமா, கர்ப்பம் எது நடந்தாலும் "ஹேய் ஹேய் ஹேய்" என்று சிரிக்க வேண்டும். ஆறு வருஷத்தில் மூட்டு தேய்ந்து போனது. போதும், என்னை அனுப்பிவிடுங்கள் என்று அவனே கேட்டு வாங்கியதுதான் அந்த லாரி.

சாவுக் காட்சியில் படுத்தவர் எழுந்ததும் ஓடும் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும், பிறகு பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சம்பிரதாயம். நடித்த சாவு அந்தச் சிரிப்போடு கழிந்து போகும். ராஜா அண்ணாமலைபுரத்து ஷூட்டிங் பங்களாவில் நதீம் பாடையிலிருந்து எழுந்தான், மூக்கிலிருந்த பஞ்சைப் பிடுங்கினான், "ஆறு வருஷமா சிரிச்சாச்சு சார், இனிமே ஸ்டாக் இல்ல" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டான். மேனேஜர் செந்தில்குமாருக்கு ஆறு மணிக்குள் பங்களாவைக் காலி செய்ய வேண்டிய அவசரம். "யார் சிரிச்சா இன்னா, ஃபுட்டேஜ்ல சிரிப்பு இருந்தா போதும்" என்று எடிட்டரிடம் சொல்லி, சீனுவின் பழைய சிரிப்பு ஒன்றை எடுத்து அந்த இடத்தில் ஒட்டச் சொன்னார். பூசணிக்காயும் உடைந்தது. சிரித்தவன் எழுந்துகொண்டான். சிரிக்காதவன் கணக்கில் சாவு நின்றுவிட்டது.

இது ரூபீனாவுக்கு, சீனு வந்த நான்காம் நாள் தெரிந்தது. காலையில் நதீமை எழுப்பப் போனால் மூக்கில் பஞ்சு. எடுத்துப் போட்டாள். மறுநாள் காலையிலும் இருந்தது. அவன் மேல் ரோஜாமாலையும் ஊதுபத்தியும் கலந்த வாடை. அவன் கை, குழாயில் வருகிற தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. ஹாலில் சீனு ஃபேனைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் ஒவ்வொரு தடவை "ஹேய் ஹேய்" என்னும்போதும் உள்ளே நதீமின் உடம்பு கொஞ்சம் அசைவதை நிறுத்தியது. முதலில் கால், அப்புறம் இடுப்பு. பஞ்சை எடுக்கும்போது தோள் மட்டும் லேசாகக் குலுங்கும். அந்தக் குலுக்கலைப் பார்த்த பிறகுதான் அவள் அடுப்பு மூட்டுவாள்.

"அம்மி, உங்க புள்ள போய்க்கினே கீறாரு, பாருங்க" என்று மாமியார் ஜைதூன் பீயிடம் அழுதாள். கிழவி பாக்கை மென்றுகொண்டே, "ரெண்டும் என் புள்ள மூஞ்சிதான். இது சிரிக்குது, என்னாண்ட பேசுது. அதுக்கு ஏம்மா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற?" என்றாள். பேசியதென்னவோ உண்மை. சீனு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான், பாண்டி பஜார் துணிக்கடைத் திறப்பு விழாவில் கண்ணாடிக் கதவின் மேல் நின்று ஆடினான், ஃப்ளாட் அசோசியேஷனுக்குச் செயலாளராகவும் ஆனான். தண்ணீர் லாரி வராத நாளில்கூட யாரும் சண்டை போடவில்லை. நதீமைத் தெருவில் யாரும் தேடவில்லை. முன்பும் தேடியதில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் ரூபீனா செந்தில்குமாரைக் கேமராவோடு வீட்டுக்கே இழுத்து வந்தாள். அந்த விட்டுப்போன சிரிப்பை இப்போதாவது எடுத்துச் சேர்த்துவிடச் சொன்னாள். நதீமை நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். அவன் காதில் அவள் ஏதோ சொன்னாள். நிக்காஹ் அன்று ஆடு ஒன்று மாப்பிள்ளையின் ஷெர்வானியைத் தின்ற கதை என்பது ஸ்வர்ணலதாவின் யூகம். நதீமின் தோள் குலுங்கியது, நன்றாகவே குலுங்கியது. ரூபீனா கையெடுத்துக் கும்பிட்டு நின்றாள். செந்தில்குமார் ஹெட்போனைக் கழற்றி, "சவுண்டே வரலியேம்மா. சவுண்டு இல்லாத சிரிப்பை எங்க போய் ஒட்டுறது?" என்றார். பின்னால் சோபாவிலிருந்து சீனு சிரித்தான். மைக்கில் அதுதான் பதிவானது.

மறுநாள் காலை அவள் பஞ்சை எடுத்தாள். தோள் குலுங்கவில்லை. மீண்டும் வைத்து மீண்டும் எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் முறை குனிந்தபோது அவன் இல்லை. நாற்காலியில் அவன் வெள்ளை வேட்டி மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது, அதன் மேல் இரண்டு ரோஜா இதழ்.

அந்த வாரமே சீரியலில் சீனு ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்தான், ஊரே கைதட்டியது. மயிலாப்பூரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடிகரை மாற்றும்போது இவருக்குப் பதில் இவர் என்று டிவியில் கார்டு போடுவதைப் பார்த்துப் பழகிய தெரு இது. ரூபீனா மட்டும் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள். ஜன்னல் வழியாகக் குதித்து வந்தவன் அவளை முதல் தடவையாக அண்ணி என்று கூப்பிடவில்லை.

"ரூபி," என்றான், நதீம் மட்டுமே கூப்பிடுகிற மாதிரி மெதுவாக. "டிபன் ஆச்சா?"

அவள் இரண்டு தோசை ஊற்றி வைத்தாள். அவன் குதித்துக்கொண்டே சாப்பிட்டான். தோசை ஆறிக்கொண்டிருந்த நேரத்தில் அவளும் ஒருமுறை, சத்தம் வருகிற மாதிரி, சிரித்து வைத்தாள்.