துணைவேந்தர் வீட்டு முன்னறை

ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு துணைவேந்தர்தான் இருக்க முடியும். ஆனால் அந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வெள்ளைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தார். இன்னொருவர் பின்வாசலுக்கு எதிரே, தண்ணீர்த்தொட்டிச் சந்தில், பச்சை கேட் போட்ட வீட்டில் மாடியறைகளைப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். முதலாமவரைப் பார்க்க முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். இரண்டாமவரைப் பார்க்க மார்க் ஷீட்டோடு போக வேண்டும், அதுவும் ஒரிஜினல்.

இந்தப் பட்டத்தைச் சூட்டியது மாடிப் பையன்கள்தான். நேரில் 'அக்கா' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'துணைவேந்தர்'. அக்காவின் வீட்டுக்காரர் நகரப் பேருந்தில் கண்டக்டர். அவருக்கு 'வேந்தர்' என்று பெயர். வேந்தர் என்பவர் பட்டமளிப்பு விழாவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார், அதிகாரமெல்லாம் துணைவேந்தர் கையில் என்பதைப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியா தர வேண்டும்? இந்தப் பட்டம் வேந்தருக்கும் தெரியும். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மகள் கல்யாணமாகிப் போனதும் காலியான மூன்று அறைகளை அக்கா வாடகைக்கு விட ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. அப்போது பல்கலைக்கழகத்துக்கே ஆள் கிடைக்காத காலம். வேறெங்கும் இடம் கிடைக்காதவன் கடைசியாக வந்து விழுகிற இடம் அது. "பையன் எங்க படிக்கிறான்?" என்று யாராவது கேட்டால் பெற்றவர்கள் குரலைத் தாழ்த்தி, "இங்கதான், பக்கத்துல" என்று மழுப்புவார்கள். விண்ணப்பம் எவ்வளவு என்று விசாரிக்க வந்தவனைக் கையோடு இழுத்து உட்காரவைத்துப் பாடம் எடுத்துவிடுவார்கள் என்று ஊரே கேலி பேசியது.

பிறகு என்ன நடந்ததென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. புதிதாக ஒரு ஆய்வகம் வந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்த நாலைந்து பேராசிரியர்கள் திரும்பி வந்தார்கள். கண்ணாடிச் சுவர் வைத்த நூலகம் எழும்பியது. படித்து முடித்தவர்களுக்கு வேலை கிடைத்தது, அதுதான் முக்கியம். சேர்க்கை மதிப்பெண் அறுபதானது, எழுபத்திரண்டானது, எண்பத்தைந்தானது. இந்த வருஷம் தொண்ணூற்று மூன்று. ஒவ்வொரு வருஷமும் செய்தித்தாளில் அந்த எண் வரும் நாளில் அக்கா அதைச் சத்தம் போட்டுப் படிப்பாள். சொந்தப் பிள்ளை வளர்ந்த உயரத்தைச் சொல்கிற பெருமை அந்தக் குரலில் இருக்கும்.

படித்ததோடு விட்டாளா? "யுனிவர்சிட்டியே தொண்ணூறு கேக்குது, நான் ஒரு எம்பத்தஞ்சாவது கேக்க வேணாமா?" என்று தன் வீட்டுக்கும் ஒரு மதிப்பெண் வைத்துவிட்டாள். அறை கேட்டு வருகிறவனைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைப்பாள். மார்க் ஷீட்டை மூக்குக் கண்ணாடியோடு பார்ப்பாள். வேந்தர் டீ கொண்டுவந்து வைப்பார். "இங்கிலீஷ்ல ஏன் குறைஞ்சுது?" என்பாள். "தின்ன தட்டைக் கழுவுவியா, அப்படியே வச்சுட்டுப் போவியா?" என்பாள். இரண்டில் எதற்குப் பதில் தப்பினாலும் இடம் இல்லை.

முன்னறையில் இருந்தவனிடம் மட்டும் இந்தச் சட்டம் செல்லவில்லை. அவன் சட்டம் வருவதற்கு முன்னாலேயே வந்தவன், அந்த வீட்டின் முதல் மாணவன். வந்தபோது அவனுடைய மதிப்பெண் நாற்பத்தொன்பது. அந்தக் காலத்தில் அதற்கே கையெடுத்துக் கும்பிட்டு இடம் கொடுத்தார்கள். வேந்தரோடு சேர்ந்து கட்டில்களை மாடிக்கு ஏற்றியது அவன்தான். எல்லாத் தாளையும் எழுதி முடித்துவிட்டான், ஒன்றைத் தவிர. இரண்டாம் பருவத்துக் கணக்கு. அதைப் பதினோரு தடவை எழுதி பதினோரு தடவையும் கோட்டைவிட்டிருந்தான். பின்வாசல் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டினான். பையன்கள் அவனை 'அரியர் அண்ணன்' என்றார்கள். அவனோ அலட்டிக்கொள்ளாமல், "தமிழ்ல அரியர்னா கிடைக்கிறதுக்கு அரியவர்னு அர்த்தம்டா" என்பான்.

அக்காவுக்கு அவன்மேல் உயிர். அதைக் காட்ட அவளுக்குத் தெரிந்த ஒரே வழி திட்டுவது. காலையில் டீ கொடுக்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் அவன் கடையிலிருந்து திரும்பும்போது ஒரு தடவை. "உங்கூட வந்தவன்லாம் புள்ளகுட்டியோட இருக்கான். உனக்கு ஒரு கணக்கு வரமாட்டேங்குது." ஊரில் அவனுடைய சித்தப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். ஆய்வக உதவியாளர் வேலை ஒன்றை ஆறு வருஷமாக இவனுக்காகப் பிடித்து வைத்திருந்தார். பட்டம் கையில் வந்தால் மறுநாளே வேலை.

அந்த வருஷம் பல்கலைக்கழகம் ஒரு அறிவிப்பு ஒட்டியது. பழைய பாடத்திட்டத்தில் நிலுவைத் தாள் வைத்திருப்பவர்களுக்கு இதுவே கடைசி வாய்ப்பு, இதற்கு மேல் கிடையாது. தரம் உயர்ந்த இடத்தில் பழைய சரக்கை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? அரியர் அந்த அறிவிப்பைத் தன் கடையிலேயே ஐம்பது பிரதி எடுத்துக் கொடுத்தான். ஒன்றைத் தனக்கும் வைத்துக்கொண்டு, ஜெராக்ஸ் கடைக்கு ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து படிக்கத் தொடங்கினான்.

அந்தச் சமயத்தில்தான் வங்கி மேலாளர் ஒருவர் அக்காவைத் தேடி வந்தார். அவருடைய மகன் அந்த வருஷத் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக வந்தவன். முதலாவதாக வந்தவன் பெரிய பெரிய தனியார் கல்லூரிகளை விட்டுவிட்டு இந்த அரசுப் பல்கலைக்கழகத்தைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான் என்பதே பெரிய செய்தி. மேலாளர் மார்க் ஷீட்டை மேஜையில் வைத்தார். தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"நூலகம் பாத்த மாதிரி ஜன்னல் இருக்கிற ரூம்னா பையனுக்கு நல்லாருக்கும்" என்றார் மேலாளர்.

அப்படி ஒரு ஜன்னல் முன்னறையில் மட்டும்தான் இருந்தது.

"அது காலியாயிடும் சார்" என்றாள் அக்கா.

டீயோடு வந்த வேந்தர் அப்படியே நின்றுவிட்டார். மேலாளர் போன பிறகு, "அவன்கிட்ட கேட்டியா?" என்றார்.

"கேக்க என்னங்க இருக்கு? பாஸானா சித்தப்பா கூப்பிட்டுக்குவாரு. பெயிலானா இங்க என்ன வேல அவனுக்கு? எப்படிப் பாத்தாலும் ரூம் காலிதானே?" என்றாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதை அரியரிடம் சொல்லப் போனபோதெல்லாம் வேறு எதற்காவது அவனைத் திட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். பரீட்சை முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

அவள் தள்ளிப்போட்டாள், மேலாளர் தள்ளிப்போடவில்லை. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, ஒரு சின்ன லாரி வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. அக்கா அடுப்படியில் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். அரியர்தான் கேட்டைத் திறந்தான்.

"அக்கா, ஒரு மேஜை வந்திருக்கு! முன்ரூம்னு சீட்டு கட்டியிருக்கு. நான் ஒண்ணும் கேக்கலையே?"

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். புது மேஜை, பளபளவென்று, இரண்டு பக்கமும் இழுப்பறை வைத்தது. அதன் காலில் கட்டியிருந்த சீட்டை அரியர் இன்னொரு தடவை வாசித்தான். கீழே மேலாளருடைய மகனின் பேர் போட்டிருந்தது. அரியர் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தான். அக்கா பார்வையைத் தரையில் போட்டாள். அவ்வளவுதான், அவனுக்கு விளங்கிவிட்டது.

"சரி" என்றான். ஒரு துண்டைச் சுருட்டித் தலையில் வைத்தான். லாரிக்காரர் ஒரு கை கொடுக்க, மேஜையைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டான். மாடிப்படித் திருப்பத்தில் அது முட்டிக்கொண்டு நின்றது. அந்தத் திருப்பத்தில் எதை எப்படித் திருப்ப வேண்டும் என்று தெரிந்தவன் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான். இடது பக்கம் சாய்த்து, ஒரு காலை மட்டும் முதலில் நுழைத்து, சுவரில் கீறல் விழாமல் ஏற்றிவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து குரல் வந்தது.

"நல்ல மேஜைக்கா. பத்து நாள் நான் இதுல படிச்சுக்கறேன். கறை கிறை ஒண்ணும் படாமப் பாத்துக்கறேன்."

அதில் ஒரு துளி குத்தல் இருந்திருந்தால் அக்கா பதிலுக்கு நாலு வார்த்தை திட்டி மனசை ஆற்றியிருப்பாள். அது இல்லை. அவன் நிஜமாகவே மேஜையைப் பற்றித்தான் பேசினான். அக்கா அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சாதம் குழைந்துபோனது.

மத்தியானம் வேலை முடிந்து வந்த வேந்தர் குழைந்த சாதத்தைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார். கை கழுவும்போது சொன்னார்:

"இருபத்தாறு வருஷமா பஸ்ல இருக்கேன்மா. கோட்டு சூட்டு போட்டவன் ஏறினா அவனுக்காக உக்காந்திருக்கிறவனை நான் எழுப்பி விட்டதில்ல."

"எழுப்பலங்க. அவனே எறங்கப் போறவன்னுதானே நெனச்சேன்."

"பாஸானா எறங்குவான். பெயிலானா?"

"பெயிலானா..." என்று அக்கா ஆரம்பித்தாள். பெயிலானால் பட்டம் இல்லை, சித்தப்பாவின் வேலை இல்லை, இனிமேல் எழுதப் பரீட்சையும் இல்லை. எல்லாம் போன பிறகு அவன் திரும்பி வந்து படுக்க அந்த ஒரு அறைதான் மிச்சம். அதைத்தான் தொண்ணூற்றொன்பது புள்ளி நாலுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். அக்கா அப்போதே மேலாளருக்குப் போன் போட்டாள்.

மறுநாள் அவர் லாரியோடு வந்து நின்றார். கோபத்தை அடக்கிக்கொண்டு, "மார்க்கு இருந்தாத்தான் இந்த வீட்டுல இடம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? அந்தப் பையனோட மார்க்கு என்ன?" என்றார்.

"நாப்பத்தொம்பது சார்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல சார். வாக்கு கொடுத்துட்டு மாத்தறது தப்புதான், என்னை எவ்வளவு வேணா திட்டிக்குங்க. ரூம் அவனோடது."

மேலாளர் திட்டவில்லை. மேஜையை ஏற்றிக்கொண்டு, அறை வாடகைக்கு விடுகிற எதிர்வீட்டுக்குப் போனார். எதிர்வீட்டுக்காரிக்குக் கசக்குமா? ஒரே வாரத்தில் நாட்டின் முதல் மாணவன் அவளுடைய வாசலில் அவளோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படம் செய்தித்தாளில் வந்தது. அக்கா அன்றைக்குச் செய்தித்தாளைத் தொடவே இல்லை. வேந்தர் அந்தப் பக்கத்தை விரித்து அதன்மேல் செருப்பை வைத்துப் பாலிஷ் போட்டார்.

அரியர் பழையபடி கட்டிலில் சம்மணம் போட்டுப் படித்தான். அறை யாருக்கு என்று அவனும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. மேஜை இறங்கிப் போனதே போதுமானதாக இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவன் படிக்கிற சத்தம் கொஞ்சம் கூடியது. சூத்திரங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படிகளில் ஏறி இறங்கினான். பரீட்சையன்று அக்கா இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தாள். திரும்பி வந்ததும், "எப்படி எழுதின?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் எழுதியிருக்கேன்கா."

"அதத்தான் பதினோரு தடவையா எழுதற" என்றாள்.

ஆறு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, அக்கா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கேட் படாரென்று திறந்தது. அரியர் கையில் ஒரு தாளோடு ஓடி வந்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, நாப்பது!"

"எத்தனை வேணும்?"

"நாப்பதுதான்கா வேணும்!"

அக்கா போட்ட கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்த வேந்தர் எழுந்து ஓடி வந்தார். அக்கா ஈரக் கையோடு அடுப்படிக்குள் போய்ச் சர்க்கரை டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு பிடி அள்ளி அவன் வாயில் போட்டாள், வேந்தர் வாயில் போட்டாள், தன் வாயிலும் போட்டுக்கொண்டாள். வாசலுக்கு ஓடி, சுவருக்கு மேலே எட்டி, எதிர்வீட்டுக்காரியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "எங்க வீட்டுப் பையன் பாஸாயிட்டான்!" என்று சந்துக்கே கேட்கும்படி கத்தினாள். மாடிப் பையன்கள் இறங்கி வந்து அரியரைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். வேந்தர் அவனுடைய முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஆட்டமெல்லாம் அடங்கிப் பையன்கள் வகுப்புக்குப் போன பிறகு, அரியர் வாயிலிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"சித்தப்பாகிட்ட பேசிட்டேன்கா. திங்கட்கிழமையே வந்து வேலையில சேந்துக்கச் சொல்றாரு. ஞாயித்துக்கிழம காலைல பஸ்ஸு."

"நல்லது" என்றாள் அக்கா. "ரொம்ப நல்லது." வாளியில் மிச்சமிருந்த துணியை உலர்த்தப் போனாள், உலர்த்தாமல் திரும்பி வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்தாள். அவன் கையிலிருந்த தாளை வாங்கி, நாற்பது என்ற எண்ணைக் கண்ணாடி இல்லாமலே உற்றுப் பார்த்தாள். பிறகு அந்தத் தாளைச் சுருட்டி, அதாலேயே அவன் தோளில் ஒன்று போட்டாள். இன்னொன்று போட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"யாருடா உன்னைப் பாஸ் பண்ணச் சொன்னது? பதினோரு தடவை பெயிலாகத் தெரிஞ்ச கழுதைக்கு, பன்னெண்டாவது தடவை பெயிலாகத் தெரியாமப் போச்சா?"